தண்டவாளத்தைப் பிடுங்கியவன் நிலத்தையுமா விழுங்க வேண்டும்?

காரைக்கால் கடற்கரையில் மாலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். ஏழு பேருக்கும் சேர்த்து வயது ஐந்நூறைத் தாண்டும். முழங்கால் வலி, பேரப்பிள்ளைகளின் விசா, பென்ஷன் எல்லாம் பேசி முடித்த பிறகு பேச்சு எப்படியும் ரயிலில்தான் வந்து நிற்கும். சென்ற வாரம் அங்கே நடந்த வாக்குவாதத்தில் என் தொண்டை கட்டிவிட்டது. பேச முடியாததால் எழுதுகிறேன்.

ஒரு நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மூடிப்போன பாதைகள் எல்லாம் திரும்ப வேண்டும் என்பவர். தனுஷ்கோடிக்கு ரயில் வேண்டும், போட் மெயில் வேண்டும், தரங்கம்பாடிக்கு வேண்டும், முடிந்தால் நீராவி எஞ்சினோடு வேண்டும். இன்னொருவர் கணக்குத் துறையில் இருந்தவர். அவருக்கு எதுவுமே வேண்டாம். "போட்ட காசு திரும்புமா?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர், இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருமே தப்பு என்பது என் கட்சி.

முதலில் ஆசிரியர் நண்பரிடம் வருகிறேன். அவர் மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம், அதனால் கோபமும் அதிகம்.

தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலும், அதில் பாசஞ்சர் வண்டியோடு போன உயிர்களும் எங்கள் தலைமுறைக்கு மறக்காது. எனக்கு அப்போது பதினான்கு வயது. ரேடியோவில் கேட்டுவிட்டு வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை. 2019-ல் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் பாதை போட அடிக்கல் நாட்டினார்கள். 17 கிலோமீட்டர், 208 கோடி ரூபாய் என்று சொன்னார்கள். கிலோமீட்டருக்கு 12 கோடி. யாருக்காக? அங்கே ஊர் இல்லை ஐயா. புயலுக்குப் பிறகு குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்த மண். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், மிஞ்சியது சில மீனவக் குடிசைகளும் இடிந்த தேவாலயச் சுவரும். அந்தக் காலத்து ரயில் அங்கே போனது தனுஷ்கோடிக்காக அல்ல, கப்பலுக்காக. இறங்கிய ஆள் கப்பலேறித் தலைமன்னார் போய் அங்கிருந்து கொழும்புக்கு வண்டி பிடித்தான். கப்பல் இல்லாத துறைக்கு ரயில் போட்டால் ஏறுபவன் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பி வருவான். அதற்கு அரிச்சல்முனை வரை 2017-லேயே நல்ல ரோடு போட்டாயிற்று.

அக்கரையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு 1990-ல் நின்றுபோன ரயில் 2014-ல் திரும்ப வந்தது. தலைமன்னாருக்கு 2015-ல் வந்தது. யுத்தத்தில் பெயர்ந்துபோன பாதைகள் அவை. அவற்றை மீண்டும் போட்டதை நான் இரண்டு கையும் தூக்கி வரவேற்கிறேன். காரணம், பாதையின் அந்தப் பக்கத்தில் சனம் இருக்கிறது. கிளிநொச்சியில் ஏற ஆள் இருக்கிறார்கள், வவுனியாவில் இறங்க ஆள் இருக்கிறார்கள். நினைவுக்காக மட்டும் பாதை போடுவதானால் அதற்கு ஒரு கல்வெட்டு போதும், செலவும் குறைவு.

ஆசிரியர் நண்பருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பழைய பாதையைத் திரும்பப் போடுவது" என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். அப்படி ஒன்று கிடையாது. பழையது மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர் அகலம். இப்போது போடுவது பிராட்கேஜ், 1676. அந்தக் காலத்து மண்மேடு இந்தக் காலத்து வண்டியின் அகலத்தையும் பாரத்தையும் தாங்காது. எங்கள் டெல்டாவில் நாலடிக்கு ஒரு வாய்க்கால். அத்தனை மதகையும் பாலத்தையும் இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். புதுப் பாதையில் லெவல் கிராஸிங் கேட் வைக்க இப்போது விடுவதில்லை. ரோடு குறுக்கிடும் இடமெல்லாம் சுரங்கப்பாதைதான், ஐப்பசி மழையில் அது குளமாகிவிடும் என்பது வேறு கதை. ஆக, பழைய பாதையிலிருந்து நமக்கு நிஜமாக மிஞ்சுவது என்ன? ஸ்டேஷன் கட்டடம் இல்லை, தண்டவாளம் இல்லை, பாலம் இல்லை. மிஞ்சுவது நிலம் ஒன்றுதான். ஊரை ஊரோடு இணைத்துக் கோடு மாதிரி நீண்டு கிடக்கும் அந்த ஒல்லியான நிலம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது கணக்கு நண்பர். இவருக்குப் பதில் சொல்லப் பேரளத்தை விட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

பேரளம் – காரைக்கால் பாதை 1898-ல் வந்தது. பிரெஞ்சுக்காரன் ஊருக்கு வெள்ளைக்காரன் சீமையிலிருந்து வந்த 23 கிலோமீட்டர் ரயில். எல்லையில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்று என் தாத்தா சொல்லுவார். துவான்காரன், அதாவது சுங்கத்துக்காரன், பாட்டியின் பலகாரத் தூக்கைக்கூட விடமாட்டானாம். நான் ஏறிய காலத்தில் எல்லையும் இல்லை, சுங்கமும் இல்லை. பரீட்சை எழுதப் புதுச்சேரிக்குப் போனதும் பிறகு உத்தியோகத்தில் சேர்ந்து கோப்புகளோடு போனதும் இந்த வண்டியில்தான். காரைக்கால் குமாஸ்தாவின் பிழைப்பு அப்படி: உட்காருவது இங்கே, கையெழுத்து வாங்குவது நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். திருநள்ளாறு, அம்பகரத்தூர் தாண்டிப் பேரளத்தில் இறங்கி மாயவரம் வண்டிக்குக் காத்திருக்கும்போது எத்தனை கோப்பை நான் அங்கேயே திருத்தி எழுதியிருக்கிறேன் தெரியுமா? ஸ்டேஷன் பெஞ்சில் எழுதிய குறிப்புகள் ஆபீஸில் எழுதியதைவிட நன்றாக இருக்கும்.

1987-ல் நிறுத்தினார்கள். ஆள் ஏறுவதில்லை என்று காரணம் சொன்னார்கள். ஏன் ஏறுவதில்லை என்று யாரும் கேட்கவில்லை. வண்டி மெதுவாகப் போகும், நாளுக்கு ஓரிரு தடவைதான் போகும், பேரளத்தில் இணைப்பு வண்டி நமக்காகக் காத்திருக்காது. பஸ்ஸோ கால் மணிக்கு ஒன்று. முதலில் சோறு போடாமல் மெலிய வைப்பது, பிறகு எடை போட்டுப் பார்த்து இது தேறாது என்று எழுதுவது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்த வித்தை தெரியும். ஒரு திட்டத்தை மூட வேண்டுமென்றால் மூட உத்தரவு தேவையில்லை. நிதியைப் பாதியாக்கி இரண்டு வருஷம் விட்டால் போதும், பயனாளிகளே இல்லை என்று அதுவே அறிக்கை கொடுத்துவிடும். அப்படிச் சில குறிப்புகளை நானே நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது ஒத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

அதன் பிறகு தண்டவாளத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். 2011 டிசம்பரில் நாகூரிலிருந்து பாதை வரும்வரை, இருபத்து நாலு வருஷம், காரைக்காலுக்கு ரயிலே கிடையாது. வந்த ரயிலும் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற ரயில். வடக்கே போக வேண்டியவன் முதலில் தெற்கே நாகப்பட்டினம் போய், மேற்கே திருவாரூர் போய், அங்கிருந்து வடக்கே திரும்பி, சாவகாசமாகப் பேரளத்தைக் கடப்பான். அந்தப் பேரளம் எங்கள் வீட்டிலிருந்து 23 கிலோமீட்டர்!

நடுவில் என் வீட்டுக் கதை ஒன்று. இதைச் சொல்ல நினைக்கவில்லை, ஆனால் கணக்கு நண்பர் "பஸ் இருக்கிறதே" என்று சொன்னபோது மனசுக்குள் எழுந்தது. தொண்ணூறுகளில் என் மனைவிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. புதுச்சேரியில் செய்தார்கள். மாதம் ஒருமுறை காட்ட வேண்டும். காரைக்காலிலிருந்து பஸ். குண்டும் குழியுமான ரோடு, நாலு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ கடலூர் தாண்டும்போது அவள் உதடு வெடித்திருப்பதைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்றாள். முதல் நாள் ராத்திரியிலிருந்தே அவள் தண்ணீர் குடிக்கவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கம், நிறுத்தினாலும் ஒதுங்க இடம் கிடையாது. டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார். ரயில் இருந்திருந்தாலும் இரண்டு இடத்தில் மாறித்தான் போயிருக்க வேண்டும், நேரம் கூடவே ஆகியிருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் ரயிலில் கழிப்பறை இருக்கிறது. எழுபது வயது தாண்டிய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் விளக்க வேண்டியதில்லை. போட்ட காசு திரும்புமா என்று கணக்குப் போடுபவரின் தாளில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா? மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையையும் 2020 மார்ச்சில் நிறுத்தியதோடு சரி. முழுக் காசு கொடுத்தே ஏறுகிறோம், வண்டியை விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பேரளம் பாதையைப் புதிதாகப் போட்டு முடித்து 2025 மே மாதம் பாதுகாப்பு ஆணையர் சோதித்துப் பார்த்தார். 1987-லிருந்து எண்ணினால் முப்பத்தெட்டு வருஷம். வேண்டாம் என்று பிடுங்கியதை அதே இடத்தில் பல மடங்கு செலவில் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 1987-ல் போட்ட கணக்கு சரியா, 2025-ல் போட்ட கணக்கு சரியா? இரண்டும் சரியாக இருக்க முடியாதே. கணக்கு நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை, கடலைப் பார்த்தார்.

துறைமுகம் வந்ததால், நிலக்கரி வந்ததால்தான் பாதை திரும்ப வந்தது என்பார்கள். உண்மைதான். சரக்கு இருந்தால் பாதை பிழைக்கும். பிரான்ஸில் அவிஞோனுக்கும் கார்ப்பந்திராவுக்கும் நடுவில் ஒரு சின்னப் பாதை உண்டு. 1938-ல் பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள், சரக்கு வண்டி மட்டும் போய்வந்தது. அதனால் பாதையும் நிலமும் கைவிட்டுப் போகவில்லை. 2015-ல் பயணிகள் வண்டி திரும்ப வந்துவிட்டது. எழுபத்தேழு வருஷம் கழித்து! பிரெஞ்சு மீடியத்தில் படித்ததற்கு இந்த மாதிரிச் சேதிகளைப் படிக்க முடிகிறது என்பதுதான் இன்று எனக்கு மிச்சம். அங்கே ரயில் ஓடவே ஓடாது என்று முடிவான பாதைகளைக்கூடப் பல இடங்களில் வித்துவிடுவதில்லை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடக்கவும் சைக்கிள் விடவும் பசும்பாதை போடுகிறார்கள், வோய் வேர்த் என்று பெயர். மனிதன் நடந்துகொண்டிருக்கும் நிலத்தில் வீடு கட்ட யாருக்கும் துணிச்சல் வராது. நாளைக்கு வேண்டுமென்றால் ரயில் விடலாம்.

அதனால்தான் தரங்கம்பாடிக்கு வருகிறேன்.

மாயவரம் – தரங்கம்பாடி பாதை 1926-ல் வந்து 1986-ல் மூடியது. 30 கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு போன வண்டி. அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் திருக்கடையூருக்கு வராத ஆள் உண்டா? ஒரு முகூர்த்த நாளில் அந்தத் தெருவில் நிற்கும் வேன்களை எண்ணிப் பாருங்கள். அத்தனை பேரும் அறுபது தாண்டியவர்கள், அவர்கள் பெண்டாட்டிகள், மூட்டு வலிக்காரர்கள். தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரன் கட்டிய கோட்டை, 1706-ல் சீகன்பால்க் இறங்கிய கரை. பொறையாரில் கல்லூரி. மாயவரமோ இப்போது மாவட்டத் தலைநகர், 2020-லிருந்து. கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு போகிறவன் தினமும் அந்தப் பாதையில் இருக்கிறான். தனுஷ்கோடியில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: மனிதர்கள்.

எதிர்ப்பக்கத்தில் உள்ள நியாயத்தையும் மறைக்கமாட்டேன். ஒன்று, பேரளம் பாதை வந்துவிட்ட பிறகு கூப்பிடு தூரத்தில் இன்னொரு பாதையா என்பது. இன்னொன்று, விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை அந்தப் பக்கமாகத்தான் போகிறது, கார் வைத்திருப்பவன் ரயிலைத் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பது. செலவும் சின்னதில்லை. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டரை அகலப்பாதையாக்கி 2023 ஏப்ரலில் திறந்தார்களே, அதற்கு 294 கோடி. கிலோமீட்டருக்கு 8 கோடி. அது நிலம் கையிலிருந்த பாதை. தரங்கம்பாடிக்கு அதே விலையில் போட்டாலும் 240 கோடி, இன்றைய விலைவாசியில் அது நடக்காது, நிலமும் வாங்க வேண்டியிருந்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் நாளைக்கே போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. போடுவதானால் தரங்கம்பாடியோடு நிறுத்தக் கூடாது, காரைக்கால் வரை நீட்ட வேண்டும் என்பேன். முட்டுச்சந்தாக நிற்கும் பாதைதான் முதலில் செத்தது, எப்போதும் அப்படித்தான். காரைக்காலில் வந்து சேர்ந்தால் நாகூர், வேளாங்கண்ணி போகிறவனுக்கும் அது வழியாகிவிடும். வண்டி விடுவதானால் காலையில் மாயவரம் போய் வேலை முடித்துச் சாயந்திரம் திரும்புகிறவன் நேரத்துக்கு விட வேண்டும். நடுப்பகலில் ஒன்று விட்டுவிட்டு ஆளில்லை என்று சொல்லும் பழைய பாட்டு வேண்டாம். ஆளும் போட வேண்டும். திருவாரூர் – காரைக்குடி பாதையை 2019-ல் திறந்தபோது என்ன நடந்தது? கேட்டுக்கு ஆள் போடவில்லை. வண்டி ஒவ்வொரு கேட்டிலும் நிற்கும், வண்டியிலிருந்தே ஒருவர் இறங்கிக் கேட்டை மூடுவார், கடந்ததும் நிற்கும், பின்னாலிருந்து இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். கோடிக்கணக்கில் போட்டு முடித்த பாதையில் கேட் கீப்பர் சம்பளத்தை மிச்சம் பிடித்தார்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு 240 கோடி வேண்டாம். நிலத்தைக் காப்பாற்றுங்கள். சென்ற ஆவணியில் மருமகன் காரில் பொறையார் வழியாகப் போனபோது இறங்கிப் பழைய பாதை போன இடத்தைத் தேடினேன். ஓரிடத்தில் கருவேலங்காடு. ஓரிடத்தில் யாரோ வாழை வைத்திருக்கிறார்கள், நல்ல குலை. ஒரு வீட்டுப் பின்கட்டு முழுக்கப் பாதையின் மேல் இருக்கிறது, அந்த வீட்டுக்காரரே மோர் கொடுத்து உபசரித்து, "இது ரயில் போன இடம் சார்" என்று பெருமையாகவும் சொன்னார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நாற்பது வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்தால் எந்த நிலமும் பக்கத்து வீட்டுக்காரனைத்தான் தேடிப் போகும். இன்னும் இருபது வருஷம் போனால் நினைவும் இருக்காது, நிலமும் இருக்காது. பிறகு யார் எந்தக் கணக்கைப் போட்டும் பிரயோஜனமில்லை. பாதையை நடைபாதையாக, சைக்கிள் பாதையாகவாவது போட்டு வையுங்கள். திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி கடற்கரை வரை நிழலில் நடக்க ஒரு வழி என்றால் நாலு பேர் வரமாட்டார்களா? மரம் வைத்த இடத்தில் நாளைக்கு ரயில் வைக்கலாம். மச்சு வீடு வைத்த இடத்தில் முடியாது.

இந்த வரிசையில் உள்ள ஊர்க்காரர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். பாதை போன புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிரே இன்னும் ரயில்வே என்று இருக்கிறதா, வேறு பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். புலப்பட நகலும் வாங்கி வையுங்கள். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போடுங்கள். மனுவில் ஊரின் கதையெல்லாம் எழுதாதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள். புல எண், கேள்வி, கையெழுத்து, அவ்வளவுதான். எழுத வராதென்றால் எனக்குச் சொல்லுங்கள். மாலையில் கடற்கரையில்தான் இருப்பேன். கலங்கரை விளக்கத்தின் பக்கம், ஏழு கிழவர்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும் பெஞ்ச்.